சனிக்கிழமைக் கையெழுத்துகள்

17 ஜனவரி 2009, சனி

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லை. ஜூன் சொன்னதால் எழுதுகிறேன். ஜூன், எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் மிஸஸ் ஆட்லியின் செயலாளர்.

சனிக்கிழமைகளில் உறுப்பினர் ஊர்மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு பிரித்தானியாவில் 'சர்ஜரி' என்று பெயர். நேற்று என் கணவர் தேநீரைக் குடித்துக்கொண்டே "நாளைக்குச் சர்ஜரிக்குப் போகவேணும்" என்றார். நான் பயந்துபோய் "எங்க நோகுது?" என்று கேட்டேன்.

பத்தொன்பது வருடங்களாக ஸ்டான்பியில் இருக்கிறோம். இந்தச் சிறிய ஊரில் தமிழர் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். இவர் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, நான் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில். இத்தனை வருடத்தில் இவர் வெள்ளைக்காரர்களிடம் 'சொறி', 'தாங்க்யூ' தவிர வேறு ஏதாவது பேசி நான் கேட்டதில்லை. அவர்களிடம் மட்டுமில்லை, என்னிடமும் குறைவுதான். இன்றைக்கு ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எழுந்து நின்று, பள்ளிப் பிள்ளை போல வாசித்தார்.

"என் மனைவியின் அக்கா திலகவதி வன்னியில் இருக்கிறா. கணக்கு ஆசிரியை. பதினைந்து வயது மகளோடு கிளிநொச்சியை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறா. மூன்று இலட்சம் பேர் அப்படி ஓடுகிறார்கள். அவர்கள் மேல் இலங்கை இராணுவம் ஷெல் அடிக்கிறது. நிறுத்தச் சொல்லி உங்கள் அரசிடம் சொல்லுங்கள்."

வாசித்து முடித்ததும் அமர்ந்துவிட்டார். மிஸஸ் ஆட்லி வன்னி எங்கே இருக்கிறது என்று கேட்டா. ஜூன்தான் என் பக்கம் திரும்பி, "உங்கள் அக்கா பேசும் ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். திகதி, இடம், என்ன சொன்னா. அது இருந்தால்தான் கேள்வி கேட்கலாம்" என்றா.

வரும் வழியில் எழுதுவதற்கென்று இந்தக் கொப்பி வாங்கினேன்.

25 ஜனவரி, ஞாயிறு

அக்கா போன் எடுத்தா. திகதி மேலே இருக்கிறது. இடம்: உடையார்கட்டு. யாரோ ஒருவரின் சாட்டிலைட் போன், நாலு நிமிடம்.

சொன்னது: நேற்று ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள். அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடம். காலையில் பக்கத்துக் கட்டடத்தில் ஷெல் விழுந்தது. எத்தனை பேர் என்று எண்ணவில்லை என்றா. அக்கா எண்ணவில்லை என்று சொன்னால் எண்ணியிருக்கிறா என்று அர்த்தம்.

ஜூனுக்குத் தேவையில்லாதது: "உன்ர மனிசன் இப்பவாவது வாய் திறக்கிறாரோ?" என்று கேட்டா. எனக்கு இவரைக் கலியாணம் பேசிவந்தபோது அக்காவுக்குச் சம்மதமில்லை. "பேர் வாகீசன். வாக்கு மட்டும் இல்லை" என்று வீட்டுக்குள் சொல்லிச் சிரிப்பா. பிறகு அக்காவின் கணவர் மாரடைப்பில் இறந்த வருடம், ஒவ்வொரு ஞாயிறும் அவவுக்குப் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் பத்து நிமிடம் கூடவே இருந்தவர் இவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பகிடியில் பாசம் கலந்துவிட்டது.

"பாராளுமன்ற உறுப்பினரிட்டப் போய் உங்களைப் பற்றிக் கதைச்சவர் அக்கா" என்றேன். "ஆர், வாகீசனோ?" என்றா.

31 ஜனவரி, சனி

இவர் ஒரு பலகை செய்திருக்கிறார். அதில் அக்காவும் மகள் நிருஜாவும் நிற்கும் படம். கீழே, வன்னியில் நடக்கும் இனப்படுகொலையை நிறுத்தப் பிரித்தானிய அரசு செயற்பட வேண்டும் என்ற வேண்டுகோள். கையெழுத்துக்குத் தாள். இதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் நின்றார். இன்று லண்டனில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போகிறார்கள். "அங்க போவமே, எங்கட ஆக்களோட நிப்பம்" என்றேன். "அங்க எல்லாருக்கும் தெரியும். இஞ்சதான் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாம் வரும் சந்தை. இருபது அடி தள்ளி நின்று காய்கறி பொறுக்குவது போலப் பாவனை செய்தேன். சனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை, அப்படியே நின்றார். காற்றில் தாள் பறக்காமல் இருக்க இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். கையுறை போட மறந்துவிட்டார்.

கை விறைத்துப்போகும் என்பதற்காகத்தான் தேநீர்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உடனே வந்தால் நன்றாயிருக்காது என்று பக்கத்தில் நின்றேன்.

ஏழு கையெழுத்து. அதில் இரண்டு எங்களுடையவை.

7 பெப்ரவரி, சனி

சந்தையில் மீன் வண்டி வைத்திருக்கும் ரெஜ், எங்களுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். மீன் தலையை எறியாமல் எனக்கென்று எடுத்து வைப்பவர். இன்று ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பலகையைப் படித்தார்.

"இது அந்தப் புலிகளின் விஷயம்தானே? குண்டு வைக்கிறவர்கள்?" என்றார்.

நான் சுருக்கென்று ஏதோ சொல்லப் போனேன். இவர் என் முழங்கையைத் தொட்டார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் சொன்னார்: "ரெஜ், அங்கே புலிகள் இருக்கிறார்கள். அவர்களும் சனங்களை வெளியே போக விடுவதில்லை. அதையும் நான் சொல்வேன். ஆனால் இந்தப் படத்தில் இருப்பது ஒரு ரீச்சர், ஒரு பிள்ளை. இவர்கள் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்தே இராணுவம் அடிக்கிறது. அதை நிறுத்துவதற்கு இவர்கள் யார் என்று மட்டும் தெரிந்தால் போதாதா?"

ரெஜ் படத்தைப் பார்த்தார். கையில் மீன் ஈரம் இருந்ததால் என்னைப் பேனையைப் பிடிக்கச் சொல்லி, முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். பிறகு தன் மடக்கு மேசையைக் கொண்டுவந்து விரித்து, "சும்மா கையில் தூக்கிக்கொண்டு நிற்காதே மனிதா" என்றார்.

வீட்டுக்கு வந்து இவர் இரண்டு மணி நேரம் தூங்கினார். அவ்வளவு ஆங்கிலம் அவரைக் களைக்க வைத்துவிட்டது.

15 பெப்ரவரி, ஞாயிறு

இடம்: மாத்தளன். கடற்கரை மணல். இரண்டு நிமிடம்.

"மண்ணில பங்கர் வெட்டினா இடிஞ்சு விழுது. சீலையைக் கிழிச்சுத் தைச்சு மண் மூட்டை கட்டியிருக்கிறம். என்ர கலியாணக் கூறைச்சீலையும் அதில போயிட்டுது. அங்காலயும் விடுகினமில்லை, இங்காலயும் விடுகினமில்லை. ஆஸ்பத்திரியிலயும் விழுது. இதை எழுதிக்கொள்."

"எழுதுறன் அக்கா."

"பங்கருக்குள்ள பன்னிரண்டு பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறன். பின்னம் வரைக்கும் வந்திட்டம். நிருஜா வளந்திட்டாள். போன வருசம் நீ அனுப்பின சட்டை இப்ப கட்டை."

நிருஜாவின் அளவைக் கேட்டேன். அதற்குள் தொடர்பு போய்விட்டது.

16 பெப்ரவரி, திங்கள்

வீட்டுக்கு வந்தபோது இவர் என் கண்ணைப் பார்த்து என்னவென்று கேட்டார். பள்ளியில் வெங்காயம் வெட்டினேன் என்றேன். போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் பள்ளிக்கு வெங்காயம் வெட்டிப் பைக்குள் அடைத்துத்தான் வருகிறது. அது இவருக்கும் தெரியும்.

28 பெப்ரவரி, சனி

இருநூற்றுப் பதினாறு கையெழுத்து. மிஸஸ் ஆட்லியிடம் கொண்டுபோனோம். ஜூன் நல்லவிதமாகத்தான் சொன்னா: "அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் இன்னும் நிறையப் பேர் கையெழுத்து வைப்பார்கள். 'மனிதாபிமான நெருக்கடி' என்று போடலாமே. இனப்படுகொலை என்றால் வெளியுறவு அமைச்சு பேச்சையே நிறுத்திவிடும்."

எனக்கு அது சரி என்று பட்டது. சொல்லில் என்ன இருக்கிறது, ஷெல் அடி நின்றால் போதும் என்று இவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் வாக்குவாதப்பட்டேன். உண்மையில் நான் மட்டும் வாக்குவாதப்பட்டேன். அவர் முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச பாரும். எழுபத்தேழில என்னை ரயிலால இறக்கி என்ன பாசை கதைப்பாய் எண்டு கேட்டவங்கள். எண்பத்திமூண்டில எங்கட கடையை எரிக்கேக்க தமிழாக்களின்ர கடை எது எண்டு பாக்க வாக்காளர் பட்டியலோட வந்தவங்கள். ஒரு சனத்தை இல்லாமல் ஆக்கிறதுக்கு ஒரு சொல்லு இருக்கு. நெருக்கடி எண்டா மழை வெள்ளம் மாதிரி, ஒருத்தரும் செய்யேல்ல, தானா வந்தது எண்ட மாதிரி இருக்கும். அதை நான் எழுத மாட்டன்."

எங்கள் கலியாணம் நடந்து இருபத்திரண்டு வருடம். ரயில் கதையை இன்றுதான் கேட்டேன்.

சொல் அப்படியே இருக்கட்டும் என்று திங்கட்கிழமை ஜூனுக்குச் சொல்ல வேண்டும். நானே சொல்லுவேன்.

14 மார்ச், சனி

ஒரு மாதமாக அக்காவின் அழைப்பு இல்லை.

மிஸஸ் ஆட்லிக்குப் பாராளுமன்றத்தின் பக்க மண்டபம் ஒன்றில் அரை மணி நேர விவாதம் கிடைத்திருக்கிறது. அமைச்சர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கொப்பியிலிருந்து நான் எழுதிக் கொடுத்தவற்றை வாசிக்கப்போகிறா. சந்தைக்கே வந்து, ரெஜ்ஜின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, "உங்கள் அக்காவின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், கற்றுத்தாருங்கள்" என்றா.

இவர் "தி-ல-க-வ-தி" என்றார். அவ "டில்லகவாட்டி" என்றா. இவர் தலையாட்டிவிட்டு, நாக்கைப் பல்லில் வைத்துக் காட்டினார். மிஸஸ் ஆட்லியும் நாக்கைப் பல்லில் வைத்தா. ரெஜ்ஜும் வைத்தார். மீன் வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பத்து நிமிடம் சந்தைக்கு நடுவில் நாலைந்து வெள்ளைக்காரர் என் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மீன் வண்டிக்குப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். காற்று கடுமையாக இருந்தது.

25 மார்ச், புதன்

விடிய ஐந்து மணி ரயிலில் போனோம். நான் பச்சைச் சேலை. இவர் கலியாணத்துக்குத் தைத்த கோட், பொத்தான் பூட்ட முடியவில்லை.

பெரிய சபையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். இது ஒரு பள்ளி மண்டபம் அளவுதான். குதிரை லாட வடிவில் மேசைகள், ஆறு உறுப்பினர்கள். ஒருவர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பின்வரிசையில் இருந்தோம்.

மிஸஸ் ஆட்லி எழுந்தா. உடையார்கட்டுப் பள்ளிக்கூடத்தைச் சொன்னா. ஆஸ்பத்திரியைச் சொன்னா. கூறைச்சேலை மண் மூட்டையானதைச் சொன்னபோது, கடிதம் பிரித்தவர் கையை நிறுத்தினார். "இந்த வார்த்தையைத் தவிர்க்கும்படி என் தொகுதியில் இருக்கும் ஒரு தம்பதியருக்கு என் அலுவலகம் ஆலோசனை சொன்னது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். இந்தக் குறிப்புகளைப் படித்த பிறகு நானும் மறுக்கிறேன். இது இனப்படுகொலை. இதைத் தடுப்போம் என்ற ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில் நாமும் ஒன்று" என்றா. கடைசியாக, "திலகவதி என்ற ஆசிரியை இன்று காலையும் மணலுக்குள் இருந்து பின்னம் கற்பித்துக்கொண்டிருப்பா என்று நம்புகிறேன்" என்றா. உச்சரிப்புச் சுத்தம்.

இவர் என் கையைப் பிடித்தார். பொது இடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

அமைச்சர் பதில் சொன்னார். ஆழ்ந்த கவலை என்றார். கவலை என்ற சொல் ஒன்பது தடவை வந்தது, நான் விரல் விட்டு எண்ணினேன். அரசு நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது என்றார். மணி அடித்தது. அடுத்த விவாதம் ஏதோ கால்வாய்களைப் பற்றியது.

வெளியே வந்து ஆற்றுப் பாலத்தில் நின்று, கொண்டுபோன இட்டலியைச் சாப்பிட்டோம். "அக்காவின்ர பேர் பாராளுமன்றப் பதிவில அச்சாகும். ஜூன் சொன்னவ" என்றார். சாப்பாட்டை நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "அது போதாது" என்றார்.

7 ஏப்ரல், செவ்வாய்

பள்ளி விடுமுறை. லண்டனில் பாராளுமன்றத்துக்கு முன் தமிழ்ப் பிள்ளைகள் வீதியை மறித்து இருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். பார்க்கத்தான் போனேன். வீதியில் உட்கார வேண்டும் என்ற எண்ணமே இல்லை.

ஒரு பெண்பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிப்பவள் போல, தொண்டை அடைத்துப்போய் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டிருந்தாள். குரலே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். பிறகு எழும்பவில்லை.

ஒரு பொலிஸ்காரி குனிந்து, "எழுந்து நிற்க முடியுமா, அம்மா?" என்று அன்பாகக் கேட்டாள். "முடியும்" என்றேன். "எழும்புங்கள்." "மாட்டேன்."

நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நடைபாதையில் வைத்தார்கள். என் பாரம் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார், முகம் வெளுத்துப்போய். "காயமே?" என்றார். இல்லை என்றேன். என் சேலையில் இருந்த தூசியைத் தட்டினார், பெருமையோடு தட்டினார் என்றுதான் எனக்குத் தெரிந்தது. "உம்மட அக்கா கண்டிருக்கவேணும்" என்றார்.

21 ஏப்ரல், செவ்வாய்

சனங்கள் கடல்நீரேரியைக் கடந்து இராணுவப் பக்கம் வருவதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பல்லாயிரம் பேர். மேலே இருந்து எடுத்த படம், எறும்பு போலத் தெரிகிறது. இவர் திரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து பார்க்கிறார். அந்த உயரத்தில் இருந்து ஒரு முகமும் தெரியாது என்று சொன்னேன். தெரியும் என்றார். இன்னும் எழும்பவில்லை.

9 மே, சனி

ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து. மழை. பின்னேரம் அயலூர்த் தேவாலயத்திலிருந்து ஆட்கள் வந்து தங்கள் ஊரிலும் கையெழுத்து வாங்கத் தாள்கள் கொண்டுபோனார்கள். அழைப்பு இல்லை.

18 மே, திங்கள்

யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். பள்ளிக்குப் போனேன். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மீன், பட்டாணி, கஸ்ரட்.

23 மே, சனி

இவர் எழும்பவில்லை. காய்ச்சல் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பதினாறு சனிக்கிழமைகளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சந்தைக்குப் போகவில்லை. "நான் ஏன் முதலே வாய் திறக்கேல்ல மங்களம்" என்றார். "முதல் வருசமே தொடங்கியிருக்கவேணும்." பக்கத்தில் படுத்து முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வாக்கு இல்லாத ஆள் இன்றைக்கு நான்.

மூன்று மணிக்குக் கதவு தட்டிய சத்தம். ரெஜ். மீனும் ஒரு தாளும். "நீங்கள் வரவில்லை. மேசை சும்மா கிடந்தது. நானே கேட்டு வாங்கினேன்" என்றார். முப்பத்தொரு கையெழுத்து. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டேன். இவர் எழும்பி வந்து, தாளை இரண்டு கையாலும் வாங்கினார். ஒவ்வொரு பெயராக, கடைசிப் பெயர் வரைக்கும் வாசித்தார். அதன் பிறகுதான் ரெஜ்ஜிடம் சொன்னார். ரெஜ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும் வரை எங்களோடு இருந்தார்.

13 ஜூன், சனி

காலை பத்து மணிக்குத் தொலைபேசி. தெரியாத இலக்கம்.

"சித்தி, நிருஜா."

தப்பி வந்தவர்களை அடைத்து வைத்திருக்கும் செட்டிகுளம் முகாமிலிருந்து. யாரோ ஒளித்து வைத்திருக்கும் போன், ஐந்து நிமிடம். பேசத் தெரியாதவள் போல, பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள்: "அம்மா ஏப்ரல் பதினெட்டு. கஞ்சி வரிசையில நிண்டவா. நான் பங்கருக்குள்ள. பக்கத்தில நிண்டவை சேந்து புதைச்சவை. இடம் எனக்குத் தெரியும், பனையில அடையாளம் வெட்டிட்டு வந்தனான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு "பிள்ளை, பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

"சித்தி, அங்க ஆரும் எங்களைப் பற்றிக் கதைச்சவையோ?"

போனை இவரிடம் கொடுத்துவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"கதைச்சனாங்கள் பிள்ளை" என்றார் இவர். "கிழமைக்குக் கிழமை கதைச்சனாங்கள். அம்மாவின்ர பேரைப் பாராளுமன்றத்தில சொன்னவை. ஆனா நிப்பாட்ட எங்களால ஏலாமப் போச்சு. அதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் குரல் மாறிவிட்டது. தாயின் குரல் போல, வகுப்பறைக் குரல். "சித்தப்பா, இஞ்ச கம்பிக்குள்ள இலட்சக் கணக்கில சனம். பெடியளையும் பெட்டையளையும் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போகினம், எங்க எண்டு தெரியாது. எங்கட கூடாரத்தில பதினொரு பேர். நான் பேர் சொல்லுறன், எழுதுங்கோ. பேர் வெளியில தெரிஞ்சா இல்லாமல் ஆக்கப் பயப்படுவினமாம்."

கையில் அகப்பட்டது இந்தக் கொப்பிதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பது அவருடைய எழுத்து. பெயர், வயது, ஊர். நிருஜா சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். ஒரு பெயரையும் தப்பாக எழுதிவிடக்கூடாது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எட்டாவது பெயர் அவளுடையது. பதினோராவது பெயரில் பாதி வந்தபோது லைன் போய்விட்டது. 'கமல' என்று இருக்கிறது. கமலாவோ, கமலநாதனோ, கமலினியோ தெரியாது.

பத்து நிமிடம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்காக அழுதேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இவர் எழும்பி முகம் கழுவினார். பிறகு ஜூனுக்குப் போன் எடுத்து, தாளில் எழுதி வைக்காமல், நின்றபடியே பேசினார்: "பதினொரு பெயர் கொண்டுவருகிறேன். ஒன்று பாதிதான். அதையும் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள்."

மிஸஸ் ஆட்லியின் அலுவலகம் ஒரு மணி வரை திறந்திருக்கும். நடந்தால் இருபது நிமிடம். அவர் வாசலில் நின்று கொப்பியைக் கேட்கிறார். இந்த வரியோடு கொடுத்துவிடுகிறேன்.